கால்வாய்க்கென்று ஒரு பங்குத் தண்ணீர்

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்தக் கடற்கரை ஓர் ஆண்டு முழுவதும் பார்க்கும் மழையைவிட அது அதிகம். நான்கே மாதம் கழித்து, 2024 ஏப்ரல் 16 அன்று, ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் பகுதியில் உள்ள கத்ம் அல் ஷக்லாவில் 25 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. 1949இல் மழைக் கணக்கு எழுதத் தொடங்கியதிலிருந்து அந்த நாடு காணாத மழை. துபாய் விமான நிலைய ஓடுதளமே தண்ணீரில் மூழ்கியது.

இரண்டு மழையிலும் சிக்கித் தவித்த தமிழர்கள் உண்டு. காயல்பட்டினம், ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்கள். டிசம்பரில் அவர்கள் ஊருக்கு போன் போட்டு, மணியே அடிக்காமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். ஏப்ரலில் ஊர் அவர்களைத் தேடிக் கூப்பிட்டது.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. துபாய் அரசு 2024 ஜூன் மாதமே 3,000 கோடி திர்ஹம் செலவில் ‘தஸ்ரீஃப்’ என்ற மழைநீர் வடிகால் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2033க்குள் முடிப்பதாகத் தேதியும் குறித்தது. நம் பக்கத்தில் அரசு நிவாரணம் வந்தது. அதோடு, வளைகுடாவில் இருக்கும் ஊர்ச் சங்கங்கள் அரிசி, போர்வை, மருந்து, ரொக்கம் என்று அனுப்பின. அந்த வேகத்தையும் பாசத்தையும் யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிஞ்சியிருக்கிறது. உடைந்த குளக்கரையை அரசு கட்டிக்கொடுத்துவிடும். கட்டிய கரையில் அடுத்த ஐப்பசிக்கு முன் முளைக்கும் கருவேலத்தை வெட்டுவது யார்? துருப்பிடிக்கும் மடைக்கு எண்ணெய் போடுவது யார்? உபரி நீர் வழியும் மறுகாலுக்குக் கீழே ஓடையில் வந்து விழும் குப்பையை அள்ளுவது யார்? அதற்கான பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

வளைகுடாத் தமிழர்களின் பணம் சிறிய பணமல்ல. ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்புப்படி 2023-24இல் இந்தியாவுக்கு வந்த 11,870 கோடி டாலர் வெளிநாட்டு வரவில் ஏறத்தாழ 38 சதவீதம் வளைகுடா நாடுகளிலிருந்து வந்தது. மொத்த வரவில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம், மகாராஷ்டிரம், கேரளத்துக்கு அடுத்த இடம். இதில் பெரும்பகுதி வீட்டுச் செலவுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், கடனுக்கும், கல்யாணத்துக்கும் போகிறது. அது நியாயம். ஆனாலும் ஒரு பங்கு ஊருக்கென்று வருகிறது. காயல்பட்டினத்தை எடுத்துக்கொண்டால் துபாய், ரியாத், ஜித்தா, தம்மாம், கத்தார் என்று ஊர்க்காரர்கள் எங்கெல்லாம் இருக்கிறார்களோ அங்கெல்லாம் நல மன்றம் உண்டு. மாணவர்களின் படிப்புக்கு உதவ ‘இக்ரஃ’, நோயாளிகளின் சிகிச்சைக்கு உதவ ‘ஷிஃபா’ என்று பொது அமைப்புகளை ஊரிலேயே நிறுவி, வெளியூர் மன்றங்கள் அவற்றின் வழியாகப் பணத்தைச் செலுத்துகின்றன. கீழக்கரை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், லால்பேட்டை என்று வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன சபராளிகள் அதிகமுள்ள ஊர்களிலெல்லாம் இதே ஈகையின் ஏதாவது ஒரு வடிவத்தைப் பார்க்கலாம். கோயில் திருப்பணிக்கும் சர்ச் கட்டடத்துக்கும் அபுதாபியிலும் குவைத்திலும் சீட்டுப் போட்டுப் பணம் திரட்டும் தென் மாவட்டக் கிராமங்களும் இருக்கின்றன.

இந்தப் பணம் பெரும்பாலும் இரண்டு விஷயங்களுக்கு வருகிறது: ஒன்று, ஆபத்துக்கு, மற்றொன்று, திறப்பு விழாவுக்கு. வெள்ளம் வந்தால் வரும்; கல்வெட்டில் பெயர் பொறிக்கும் வகுப்பறைக்கும், குடிநீர்த் தொட்டிக்கும், ஆம்புலன்ஸுக்கும் வரும். ஐந்தாம் ஆண்டில் அந்தத் தொட்டியைக் கழுவுவதற்கும், ஆம்புலன்ஸுக்கு டயர் மாற்றுவதற்கும், ஊருணிக் கரையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் தருவதற்கும் வருவதில்லை. ஊர்க்காரர்கள் கஞ்சர்கள் என்பதால் அல்ல. பராமரிப்புக்கென்று ஒரு பணத்தை முதலிலேயே ஒதுக்கிவைக்கும் வழக்கம் நம்மிடம் அறுந்துபோய்விட்டது என்பதே காரணம். அந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கும் இடம், நம் ஆட்கள் பிழைக்கப் போன அதே மண்தான்.

எண்ணெய்க்கு முந்தைய அல் ஐனை நினைத்துப் பாருங்கள். அன்று அது வானுயர்ந்த கட்டடங்களின் இடமல்ல. அல் ஐன், அல் ஜிமி, முதரத், முவைஜி, ஹிலி, கத்தாரா என்று பேரீச்சந் தோப்புகளைச் சுற்றி ஒண்டியிருந்த மண்வீட்டு ஊர்கள். 1946இல், பின்னாளில் அமீரகத்தை நிறுவிய ஷேக் ஸாயித் அங்கே அபுதாபி ஆட்சியாளரின் பிரதிநிதியாக வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. கையில் பணமும் இல்லை. அபுதாபியின் எண்ணெய் முதன்முதலாகக் கப்பல் ஏறியதே 1962இல்தான். வந்தவர் முதலில் கவனித்தது ஃபலஜ்களை. மலையடிவாரத்தில் தாய்க்கிணறு தோண்டி, நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய் வழியாகப் பல கிலோமீட்டர் தூரம் வெறும் சரிவை நம்பியே ஊருக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டுக்குப் பெயர் ஃபலஜ். ஹிலியில் அகழ்ந்தெடுத்த ஒன்று ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமையானது. சுரங்கம் என்றால் மண் சரியும், உப்புப் படியும், வேர் நுழையும். ஆண்டுக்காண்டு உள்ளே இறங்கித் தூர் எடுக்காவிட்டால் தோப்பு காயும். ஸாயித் ஊராரைத் திரட்டித் தூர் எடுக்கச் செய்தார். ஊராரோடு சேர்ந்து தானும் இறங்கி வேலை செய்தார் என்பது அந்த ஊரின் நினைவில் இன்றும் இருக்கிறது. அல் சரூஜ் என்ற புதிய ஃபலஜ் ஒன்றைத் தோண்டத் தொடங்கினார். முடிக்கக் கிட்டத்தட்ட இருபது ஆண்டு பிடித்தது.

தோண்டியதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அதற்கு முன் அந்த ஊர்களில் தண்ணீர் முறை வசதியுள்ளவர்களின் சொத்தாக இருந்தது. மற்றவர்கள் காசு கொடுத்து வாங்கிப் பாய்ச்சினார்கள். ஸாயித் தன் குடும்பத்தின் தண்ணீர் உரிமையை முதலில் விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் மற்றப் பெரிய வீடுகளிடம் பேசப் போனார். பொதுப்பணி என்றால் கல்லும் காரையும் மட்டுமல்ல, யாருக்கு எவ்வளவு என்ற பங்கீடும் அதில் அடக்கம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று 1,200 ஹெக்டேரில் 1,47,000 பேரீச்ச மரங்களோடு நிற்கும் அல் ஐன் சோலையை 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நிலத்தடி நீர் இறங்கிவிட்டதால் இப்போது அந்தக் கால்வாய்களில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் சேர்த்தே விடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லை தாண்டி ஓமனுக்குப் போனால் ஃபலஜ் இன்னும் ஊரின் கையில் இருப்பதைப் பார்க்கலாம். ஏறத்தாழ 3,000 ஃபலஜ்கள் அங்கே இன்றும் ஓடுகின்றன. நிஸ்வாவின் தாரிஸ், இஸ்கியின் மல்கி உள்ளிட்ட ஐந்தை 2006இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. ஊருக்குள் நுழையும் தண்ணீர் முதலில் குடிப்பதற்கு, பிறகு பள்ளிவாசலுக்கு, பிறகு குளிப்பதற்கு, கடைசியில்தான் தோப்புக்கு. தோப்புக்குள் ‘அதர்’ என்ற அரைமணி நேர அளவில் முறை பிரிக்கிறார்கள். பகலில் நிழல் விழும் கம்பத்தைப் பார்த்தும், இரவில் விண்மீன்களைப் பார்த்தும் நேரம் கணித்த ஊர்கள் அவை. நிர்வாகத்துக்கு ‘வகீல்’, முறை மாற்றிவிட ‘அரீஃப்’, கணக்கு எழுத ஒருவர், ஏலம் போட ஒருவர்.

ஏலம் எதை? இங்கேதான் விஷயம் இருக்கிறது. தண்ணீர்ப் பங்குகள் எல்லாமே வீட்டுக்காரர்களுக்குச் சொந்தமில்லை. சில பங்குகள் பள்ளிவாசலுக்கு, சில பங்குகள் ஏழைகளுக்கு என்று அறமாக எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. சில பங்குகள் அந்த ஃபலஜுக்கே சொந்தம். கால்வாய் தன் பெயரில் தண்ணீர் வைத்திருக்கிறது! அந்தப் பங்குகளை முறைதோறும் ஏலம் விட்டு வரும் காசில் தூர் எடுக்கிறார்கள், சரிந்த சுவரைக் கட்டுகிறார்கள், வகீலுக்குக் கூலி கொடுக்கிறார்கள். மழை பொய்த்தாலும் கால்வாய்க்கு ஒரு வருமானம் உண்டு. ஊர்த் தலைவர் மாறினாலும் உண்டு. மஸ்கட்டில் எந்த அமைச்சர் இருந்தாலும் உண்டு.

அமீரகத்திலும் ஓமனிலும் இப்போது அரசின் பணம் தாராளமாகப் பாய்கிறது. ஹஜர் மலையடிவாரத்தில், துபாய் நகரிலிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஹத்தா என்ற சிற்றூரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அணை நீரை வைத்து 250 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் ஒன்றை 140 கோடி திர்ஹத்துக்கு மேல் செலவில் அங்கே அமைக்கத் தொடங்கினார்கள். 80 ஆண்டு உழைக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அது பணக்கார அரசு தன் ஓரத்து ஊருக்குச் செய்யும் பணி. அதைப் பார்த்து நம் ஊராட்சி ஏங்கிப் பயனில்லை. நமக்குப் பாடம் ஹத்தாவில் இல்லை. எண்ணெய் இல்லாத காலத்தில், காசில்லாத ஊர்கள் தங்கள் கால்வாயை ஆயிரம் ஆண்டு எப்படிக் காப்பாற்றின என்பதில் இருக்கிறது.

நாமும் அப்படித்தான் காப்பாற்றினோம். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகவே நினைக்கப்படுகின்றன. அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதை நாம் சேர்த்து நினைப்பதில்லை. அவ்வூர் வைரமேக தடாகத்தில் வண்டல் எடுக்கப் பொன்னை முதலாக வைத்துவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். முதலைத் தொடக்கூடாது, அதன் வட்டியில் பணி நடக்க வேண்டும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடக்க வேண்டும் என்பது அக்கால அறக்கட்டளைகளின் வழக்கம். ஏரிக்கென்றே விட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். மடை திறக்கும் நீர்க்கட்டிக்கு மானியம் இருந்தது. கண்மாயில் மீன் பாசிக் குத்தகைப் பணமும், கரை மரங்களின் ஏலப் பணமும் பல ஊர்களில் கரைக்கே செலவானது. ஓமானிய ஃபலஜ் தன் பெயரில் தண்ணீர் வைத்திருக்கிறது என்றால், நம் ஏரி தன் பெயரில் நிலமும் பொன்னும் மீனும் வைத்திருந்தது.

ஆங்கிலேய ஆட்சி வந்து மானியங்களை எண்ணிப் பார்த்து வரிக்குள் கொண்டுவந்தது. வருமானத்தை எடுத்துக்கொண்ட பிறகு உழைப்பை மட்டும் ஊரிடம் கேட்டது. 1858இல் சென்னை மாகாணத்தில் குடிமராமத்து எனப்பட்ட இந்த ஊர்ப் பராமரிப்பைக் கட்டாய உழைப்புச் சட்டமாக ஆக்கியபோது, ஊர் தன் விருப்பில் செய்த பணி அரசுக்குச் செலுத்தும் வெட்டியாக மாறியது. விடுதலைக்குப் பிறகு பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஒன்றியத்துக்கும் போயின. மீன் குத்தகைப் பணம் வேறு கணக்குகளில் கலந்தது. ஏரி அனாதையானது ஒரே நாளில் அல்ல. அதன் வருமானம் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்கப்பட்டது.

பழையதைப் போற்றும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் குடிமராமத்தில் மண் சுமந்தவர்களும் தண்ணீர் பாய்ச்சியவர்களும் ஒரே ஆட்கள் அல்ல. சேரிக்காரர் கரை கட்ட வேண்டும். அதே கரைக்கு உட்பட்ட ஊருணியில் அவர் குடம் முக்க முடியாது. ஃபலஜ்களும் தோப்புகளும் அடிமை உழைப்பைக் கண்டவை. ஓமனில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1970இல்தான். இன்று அந்தத் தோப்புகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தெற்காசியக் கூலிகள். ஆகவே பழைய வழக்கத்தை அப்படியே மீட்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நான் உடன்பட மாட்டேன். எடுத்துக்கொள்ள வேண்டியது பராமரிப்புக்குத் தனி முதல் என்ற ஏற்பாட்டை மட்டும். கரையில் வேலை செய்பவருக்கு நியாயமான கூலி, கணக்குக் கேட்கும் உரிமை ஊரில் எல்லாத் தெருவுக்கும்: இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அது இன்றைய ஏற்பாடாகும்.

தமிழ்நாடு அரசு இந்தத் திசையில் அடியெடுத்து வைக்காமல் இல்லை. 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் தொடங்கி, முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,500க்கும் மேற்பட்ட பணிகளை எடுத்தார்கள். பத்து சதவீதம் விவசாயிகளின் பங்கு, பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ. 1997இல் வந்த ‘நமக்கு நாமே’ திட்டத்துக்கு 2021க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மிச்சத்தை அரசு போடும். 2022இல் அரசுப் பள்ளிகளுக்கு உதவி திரட்டும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ வந்தது. அயலகத் தமிழர்கள் சொந்த ஊரின் பள்ளி, மருத்துவமனை, நூலகம் போன்றவற்றை மேம்படுத்த ‘எனது கிராமம்’ என்ற திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஜனவரி 12 அயலகத் தமிழர் நாளாகவும் ஆனது. எல்லாமே நல்ல நோக்கம். ஆனால் எல்லாமே பணி முடிந்ததும் முடிந்துவிடும் திட்டங்கள். மதிப்பீடு, டெண்டர், அளவெடுப்பு, பில், திறப்பு விழா, அதோடு சரி. தூர் வாரிய குளம் மூன்றாவது மழையில் மறுபடி தூர்ந்தால் அதைக் கேட்க அந்தக் கோப்பில் ஒரு பத்தியும் இல்லை.

நான் முன்வைப்பது இதுதான். ‘நமக்கு நாமே’, ‘எனது கிராமம்’ இரண்டிலும் ஒவ்வொரு பணிக்கும், கட்டுமானச் செலவோடு சேர்த்து, பராமரிப்பு முதல் என்று ஒரு தொகையை வங்கியில் நிரந்தர வைப்பாக வைப்பது கட்டாயமாக வேண்டும். நன்கொடையாளரின் பங்கில் ஒரு பகுதியும் அரசின் பங்கில் ஒரு பகுதியும் அதற்குப் போகட்டும். முதலைத் தொடக்கூடாது, வட்டி மட்டும் செலவு. குளம், ஊருணி, ஓடை என்றால் அதன் மீன் குத்தகைப் பணமும் அந்தக் கணக்குக்கே வர வேண்டும். இதற்குப் புதிய துறை வேண்டாம். அரசாணை ஒன்று போதும்.

வளைகுடா ஊர்ச் சங்கங்கள் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஊரிலிருந்து 500 பேர் அமீரகத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 20 திர்ஹம். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ஆண்டுக்கு 1,20,000 திர்ஹம். திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்தால் 27 லட்சம் ரூபாய்க்கு மேல். ஐந்து ஆண்டில் ஒன்றேகால் கோடியைத் தாண்டும் முதல். ஏழு சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல். ஒரு சிற்றூரின் குளக்கரைக்கும் ஓடைக்கும் இரண்டு ஆட்களை ஆண்டு முழுவதும் சம்பளத்துக்கு வைத்து, மழைக்கு முன் ஒரு முறை ஜேசிபி வைத்து ஓடை வாரவும் முடியும்.

இதைச் செய்யும்போது இரண்டு சட்டங்களை மறக்கக் கூடாது. அமீரகத்தில் 2021ஆம் ஆண்டு நன்கொடைச் சட்டப்படி உரிமம் இல்லாத தனியாரும் குழுக்களும் பொதுவில் நன்கொடை திரட்ட முடியாது. வாட்ஸ்அப் குழுவில் போடும் வேண்டுகோளும் வில்லங்கமாகலாம். ஆகவே வசூலை அங்கே நடத்தாமல், ஊரில் பதிவு செய்த அறக்கட்டளையின் கணக்குக்கு ஒவ்வொருவரும் தன் சேமிப்பிலிருந்து தானே அனுப்புவதுதான் பாதுகாப்பு. அதற்கு முன் அங்குள்ள சட்டம் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டுப் பணமாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வாங்கிவிட்டவரின் பணத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அதை ஒரே கணக்கில் கலந்துவிடக் கூடாது.

பணம் போடுகிறவர் தூரத்தில் இருக்கிறார் என்பதால் கணக்கு இன்னும் தெளிவாக இருக்க வேண்டும். கேரளத்தில் 1999இல் திறந்த கொச்சி விமான நிலையத்துக்கு முப்பது நாடுகளிலிருந்து சுமார் பத்தாயிரம் வெளிநாடுவாழ் இந்தியர்கள் பங்கு போட்டார்கள். வளைகுடா மலையாளிகளின் பணம் அதில் கணிசம். அது ஓர் ஊருணியல்ல, பெரிய கம்பெனி. ஆண்டறிக்கை உண்டு, பங்குதாரர் கூட்டம் உண்டு. அந்த ஒழுங்கில் பத்தில் ஒரு பங்காவது ஊர்ச் சங்கத்துக்கு வந்தால் போதும். இப்போது பல சங்கங்களில் கணக்கு என்பது பொருளாளரின் நாணயத்தில்தான் இருக்கிறது. அவர் நாணயமானவர் என்பதே ஆபத்து. அவருக்குப் பிறகு யார் என்று யாரும் யோசிப்பதில்லை.

இதில் ஊரிலேயே இருப்பவர்களின் குரலும் முக்கியம். துபாயில் உட்கார்ந்து நான்கு பேர் முடிவு செய்து, ஊரில் ஒரு நுழைவு வளைவைக் கட்டிவிட்டுப் போவது நடக்கிறது. ஓடையோரத்தில் குடியிருக்கும் பெண்ணைக் கேட்டால் அவர் வளைவைக் கேட்கமாட்டார்; வாசலில் தேங்கும் தண்ணீரை வடியவிடச் சொல்வார். அந்தக் கேள்வியைக் கேட்கும் இடம் நம்மிடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கூடுகிறது. காயல்பட்டினம் போன்ற நகராட்சிகளில் பகுதி சபைகள் உண்டு. பராமரிப்புக் கணக்கை, வந்த வட்டி எவ்வளவு, எந்த மடைக்கு, யாருக்குக் கூலி என்று வரிவரியாக அந்தக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். அதை வளைகுடாவில் இருப்பவர்கள் வீடியோவில் பார்க்க ஏற்பாடு செய்வது இன்று பெரிய காரியமல்ல. அடுத்த ஆண்டு எதைச் செய்வது என்பதை அந்தச் சபை தீர்மானிக்கட்டும். சங்கம் பணத்தைக் கட்டட்டும். ஐப்பசி பிறப்பதற்கு ஏறத்தாழ ஏழு மாதம் முன்னதாக அந்தத் தீர்மானம் வந்துவிடும் என்பது மார்ச் மாதத்தின் கூடுதல் வசதி. கரையில் ஆள் இறங்கி வேலை செய்ய ஒரு கோடைக்காலம் முழுவதும் கிடைக்கும்.